மாநகராட்சிக்கு ஒரு சூழலியலாளர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவர், நகரங்களில் வாழும் செடிகொடிகளையும் பறவைகளையும் ஆராயும் அறிவியலாளராக விரும்புவதாகவும், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். தாவரவியலோ விலங்கியலோ படித்துவிட்டு வனப்பணித் தேர்வு எழுதலாம், இல்லாவிட்டால் தொண்டு நிறுவனம் ஒன்றில் சேரலாம் என்று மூன்று வரிகளில் பதில் முடிந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த மாணவிக்கு இன்னும் சற்று விரிவான பதில் கிடைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பதில் எழுதியவரைக் குறை சொல்ல நான் முன்வரவில்லை. உள்ள நிலைமையைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அந்த நிலைமை ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் பற்றியே இந்தக் கடிதம்.

நகர்ப்புறச் சூழலியல் என்றதும் மரக்கன்று நடும் விழாவும் பசுமை வார வாசகப் போட்டியும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் துறையின் வேலை வேறு. ஒரு வீட்டை இடித்துவிட்டு இரண்டு மழைக்காலம் அப்படியே விடப்பட்ட காலிமனையைப் பாருங்கள். முதல் மழைக்கு நாயுருவியும் மூக்கிரட்டையும் வரும். அடுத்த ஆண்டு எருக்கும் ஊமத்தையும் தலையெடுக்கும். சுவரோரம் காக்கை எச்சத்தில் விழுந்த விதையிலிருந்து ஓர் ஆலங்கன்றோ அரசங்கன்றோ வேர் பிடித்திருக்கும். மண்ணில் கலந்த சுண்ணாம்பும் செங்கல் தூளும், பக்கத்துக் கட்டடத்தின் சூடும், சாக்கடைக் கசிவும், மாடு மேய்வதும், குப்பை கொட்டுவதும் சேர்ந்துதான் அங்கே எது முளைக்கும், எது முளைக்காது என்று தீர்மானிக்கின்றன. காட்டுக்கு விதிகள் இருப்பது போலவே இந்தக் காலிமனைக்கும் விதிகள் உண்டு. அவற்றைக் கண்டறிவதுதான் அந்த மாணவி செய்ய விரும்பும் வேலை.

இப்படி ஒரு வேலையை வாழ்நாள் முழுவதும் செய்து, அதிலிருந்து சட்டமும் பூங்காவும் பிறக்கச் செய்த ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஹெர்பர்ட் சுகோப்பைத்தான் முதலில் சொல்வேன். பெர்லினில் 1930ஆம் ஆண்டு பிறந்து, அந்நகரிலேயே படித்து, அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக இருந்தவர் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பெர்லின் இடிபாடுகளின் நகரம்; அங்கே இடிந்த கட்டடங்களின் செங்கல்லையும் காரையையும் குவித்து ஒரு குன்றையே எழுப்பியிருக்கிறார்கள். 1961இல் மேற்குப் பெர்லினைச் சுற்றிச் சுவரும் எழுந்தபின், அங்கே இருந்த தாவரவியலாளர்கள் வெளியே இருந்த நாட்டுப்புறத்துக்குக் களப்பணிக்குப் போவது எளிதாக இல்லை. மற்ற நாடுகளின் தாவரவியலாளர்கள் மலையையும் புல்வெளியையும் தேடிப் போன காலத்தில், இவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தவை குண்டு விழுந்த மனைகளும் கைவிடப்பட்ட ரயில் தடங்களும்தான். சுகோப்பும் அவருடைய மாணவர்களும் அந்த மனைகளிலேயே அமர்ந்து செடிகளை எண்ணத் தொடங்கினார்கள். இதை வாய்ப்பின்மை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் கிடைத்ததை அவர்கள் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால் எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அவர்கள் கண்டவற்றில் சில இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த, நம்மூர்ச் சக்கரவர்த்திக் கீரைக்கு உறவான, பிசுபிசுப்பும் மணமும் உள்ள ஒரு சிறு செடி, வெயிலில் சுடும் இடிபாட்டு மண்ணில் பெருகிப் பரவியிருந்தது. அந்த ஒற்றைச் செடியின் சூழலியலையே சுகோப் தனி ஆய்வாக எழுதினார். சீனாவிலிருந்து வந்த ஒரு மரமும் வட அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு மரமும் காலிமனைகளைத் தமதாக்கிக் கொண்டிருந்தன. சீன மரம் வெப்பத்தை விரும்புவது என்பதால் நகர மையத்திலேயே அதிகம் காணப்பட்டது. அதே மையத்தில் லிண்டன் மரங்கள் புறநகரைவிடச் சில நாட்கள் முன்னதாகவே பூத்தன. கல்லும் தாரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் வெளிவிடுவதால் நகரம் தன் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருக்கிறது என்பதை வெப்பமானி இல்லாமலே செடிகள் காட்டிக் கொடுத்துவிட்டன. பெருநகரம் என்பதே சூழலியல் ஆய்வுக்குரிய ஒரு பொருள் என்று 1973இல் அவர் கட்டுரை எழுதியபோது, நகரத்தை இயற்கையின் இன்மை என்று மட்டுமே கருதிப் பழகிய துறைக்கு அது புதிய செய்தியாக இருந்தது.

மாணவியின் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி இனிமேல்தான் வருகிறது. பெர்லினில் ஹாஃபெல் ஆற்றின் கரையோர நாணல்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருவதை சுகோப் 1960களில் அளந்து வரைபடமாக்கினார். 1969இல் மேற்குப் பெர்லினில் நாணல் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 1979இல் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபின், நகரத்தின் வாழிடங்கள் அனைத்தும், காலிமனை, இடுகாடு, ரயில் தண்டவாளம், வீட்டுத் தோட்டம் உட்பட, வகை பிரித்து வரைபடமாக்கப்பட்டன. அதன் அடிப்படையில் 1984இல் உயிரினப் பாதுகாப்புத் திட்டத்துக்கான அடிப்படை ஆவணம் வெளியானது. அவர் நகரத்தின் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசுப் பொறுப்பாளராகவும் இருந்தார். அவருடைய மாணவர் இங்கோ கோவாரிக் பிறகு அதே பொறுப்புக்கு வந்தார். ஆசிரியர் வகித்த பொறுப்பு மாணவருக்குக் கிடைப்பது அங்கே அதிசயமாகக் கருதப்படவில்லை. ஆய்வு செய்பவருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே ஒரு நாற்காலி இருந்தது என்பதே இதில் என் கவனத்தைக் கவர்ந்த செய்தி.

சுட்கெலெண்டே என்ற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்குப் பெர்லினில் இருந்த பழைய ரயில் யார்டு அது. 1952இல் அதன் பெரும்பகுதி பயன்பாட்டிலிருந்து நின்றுபோனது. நகரின் அந்தப் பகுதி மேற்கின் கையில் இருந்தபோதும் அங்குள்ள ரயில்வே கிழக்கு ஜெர்மனியின் நிர்வாகத்தில் இருந்ததால், அந்த நிலத்தைத் தொடுவார் இல்லை. அரசியல் செய்த தாமதத்தில் தண்டவாளங்களுக்கிடையே காடு வளர்ந்தது. பின்னர் அங்கே சரக்கு நிலையம் கட்டத் திட்டம் போட்டபோது, அங்கே என்னென்ன வாழ்கின்றன என்ற பட்டியல் ஆய்வாளர்களிடம் தயாராக இருந்தது. குடிமக்களும் அதை எடுத்துப் பேசினார்கள். இன்று சுமார் 18 ஹெக்டேரில், 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இயற்கைப் பூங்காவாக அந்த இடம் இருக்கிறது. பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் நீராவி எஞ்சினும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அந்தப் பட்டியல் மட்டும் இல்லையென்றால் அது வெறும் புதர் என்று ஒரே வாரத்தில் புல்டோசரால் தள்ளப்பட்டிருக்கும்.

அமெரிக்காவில் 1997இல் பால்டிமோர், ஃபீனிக்ஸ் ஆகிய இரு நகரங்களை நீண்டகாலச் சூழலியல் ஆய்வு நிலையங்களாக அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளை சேர்த்துக்கொண்டது. அதுவரை அந்தப் பட்டியலில் காடுகளும் புல்வெளிகளும் ஏரிகளும் போன்ற இடங்களே இருந்தன. பால்டிமோரில் கண்டறியப்பட்ட ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஓடைக்கரை மண், தண்ணீரை மாசுபடுத்தும் நைட்ரேட் என்ற உப்பைப் பிடித்து நீக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. நகரத்தில் மழைநீர் வேகமாக ஓடி ஓடையை ஆழமாக அரித்துவிடுவதால் நிலத்தடி நீர் மட்டம் கரையிலிருந்து கீழே இறங்கிவிடுகிறது. கரையோர மண் காய்ந்துபோய் அந்த வேலையைச் செய்வதில்லை. ஓடையைச் சிமென்ட் வாய்க்காலாக மாற்றும் நம்மவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதும் இல்லை. பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் ஹரிணி நாகேந்திரா இருக்கிறார். இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியலாளர் மாதவ் காட்கிலிடம் முனைவர் பட்டம் பெற்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் ஆராய்ந்து, பின்னர் பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ராமுடன் பணியாற்றிவிட்டு, அதே அறிவை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர் அவர். பெங்களூரின் தெருமரங்களை அவருடைய குழுவினர் தெருத்தெருவாக எண்ணினார்கள். அகன்ற சாலைகளில் பெரிய குடைபோன்ற மரங்களும் குறுகிய தெருக்களில் சிறு மரங்களும் அதிகம் என்று தெரிந்தது. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அந்தப் பெரிய மரங்கள்தான். 2013இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையின்படி, மரநிழல் உள்ள சாலைப் பகுதிகளில் பிற்பகலில் காற்றின் வெப்பம் நிழலற்ற பகுதிகளைவிட 5.6 டிகிரி வரையும், சாலைப் பரப்பின் வெப்பம் 27.5 டிகிரி வரையும் குறைவாக இருந்தது. மரம் நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு நல்லது என்று சொல்ல ஒருவர் வெயிலில் கருவியுடன் நிற்க வேண்டியிருக்கிறது.

அவருடைய குழுவினர் குடிசைப் பகுதிகளின் செடிகளையும் ஆராய்ந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. முருங்கை, தென்னை போன்ற பயன்தரும் மரங்களும் மருந்துச் செடிகளுமே அங்கே முன்னிலையில் இருந்தன. ஒற்றை மரத்தின் நிழலில் துணி காய்வதும் சமையல் வேலை நடப்பதும் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசுவதும் அந்த ஆய்வில் பதிவாயின. பணக்காரப் பகுதிகளின் அலங்கார மரத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘பசுமை’ என்று எழுதும் பழக்கத்துக்கு இது நல்ல மறுமொழி. ஃபீனிக்ஸ் நகரிலும் செடிவகைகளின் எண்ணிக்கை அக்குடியிருப்பின் வருமானத்தோடு உயர்வது 2003இல் பதிவானது. நகரத்தின் இயற்கையை எண்ணத் தொடங்குகிறவர் சீக்கிரமே அங்குள்ள சமூகத்தையும் எண்ண வேண்டியவராகிவிடுகிறார்.

சென்னைக்கு இந்தத் துறை புதிது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1929இலேயே பி.வி.மயூரநாதன் ‘சென்னை நகரம் மற்றும் அதன் அண்மைப் பகுதிகளின் பூக்கும் தாவரங்கள்’ என்ற பொருள்பட ஒரு நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெளியீடாகக் கொண்டு வந்தார். நான் கற்பித்த காலத்தில் அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மாணவர்களை அழைத்துப் போய், தொண்ணூறு ஆண்டுக்கு முன் இந்த ஊரில் எழுதப்பட்டதில் இன்று எது எஞ்சியிருக்கிறது என்று தேடச் சொல்வேன். வகுப்பில் தூங்குகிறவர்கள்கூட அந்தத் தேடலில் விழித்துக்கொள்வார்கள். பெர்லினில் சுகோப் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வேலைதான் இது. ஆனால் அது தொடரவில்லை. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறையாவது அதே தெருக்களை மறுபடி நடந்து பார்க்கும் பொறுப்பு யாருடைய பணிவிதிகளிலும் எழுதப்படவில்லை.

அதற்குப் பதிலாக, ஆர்வமுள்ளவர்கள் அரசுக்கு வெளியே நின்று இந்த வேலையைச் செய்கிறார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் ஜெயஸ்ரீ வெங்கடேசன், கேர் எர்த் அறக்கட்டளையின் நிறுவனர்களில் ஒருவர். சதுப்பு நிலங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சாரின், அவற்றின் நல்ல பயன்பாட்டுக்கான விருது 2025இல் அவருக்குக் கிடைத்தது. இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் நபர் அவர். தென்சென்னையின் ஏரிகளின் மிகுநீர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அதன் ஒரு பகுதியில் நகரத்தின் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டது. இன்னொரு பகுதியைச் சுற்றிலும் அலுவலக வளாகங்கள். 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒவ்வோர் ஆண்டும் சேற்றில் இறங்கிப் பறவையும் மீனும் நாணலும் எண்ணியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண்ணுதலுக்காக மாதச் சம்பளம் வந்தது என்று நான் கேட்டுப் பார்த்ததுண்டு. பதில் மகிழ்ச்சி தருவதாக இல்லை.

என் மாணவி ஒருவர், முதுநிலைப் பட்டமும் நல்ல ஆய்வுக் கட்டுரையும் கையில் வைத்துக்கொண்டு, ஓர் உள்ளாட்சி அமைப்பின் அலுவலகத்துக்கு மரங்களைக் கணக்கெடுக்கும் திட்டத்துக்காகச் சென்றார். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை வார அறிக்கையில் நிரப்பும் வேலையே அவருக்குக் கிடைத்தது. நட்டவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டியபோது, ‘அது நமக்குத் தேவையில்லம்மா’ என்றாராம் மேலதிகாரி. ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டுத் தனியார் பள்ளியில் ஆசிரியரானார். நல்ல ஆசிரியராகவே இருக்கிறார், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கட்டம் மட்டும் இன்றும் காலியாகத்தான் இருக்கும்.

ஆகவே படிப்பைப் பற்றிய பதிலைவிட, படித்தபின் எங்கே உட்காருவது என்ற கேள்விக்குத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. படிப்புக்கு வழி இருக்கிறது: தாவரவியலோ விலங்கியலோ புவியியலோ அடிப்படையாக எடுத்துக்கொண்டு, புள்ளியியலையும் செயற்கைக்கோள் வரைபடக் கலையையும் கற்று, கூடவே சட்டத்தையும் நகராட்சி நிர்வாகத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். பெயர் தெரியாத செடியைக் கையில் வாங்கி மலரும் காயும் பார்த்து அடையாளம் காணும் பழக்கத்தைக் கல்லூரிக் காலத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். உயிரினங்களை வகை பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் பழமையானது என்று சொல்லி அதைக் கைவிட்டவர்கள் பிறகு எண்ணவே முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சுகோப்பின் பெருமைக்குக் காரணம் படிப்பு மட்டும் இல்லை. ஒரே நகரத்தில் பல பத்தாண்டுகள் ஊதியத்தோடு இருந்து, தொடர்ந்து எண்ணி, எண்ணியதை நகர நிர்வாகத்தின் மேசையில் வைக்க முடிந்ததே முக்கியம். நம் ஊரில் நிதி கிடைக்கும் மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் ஆய்வாளர் வேறு ஊருக்கோ வேறு தலைப்புக்கோ போய்விடுகிறார். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் போன்றவை இளைஞர்களை நிர்வாகத்துக்கு அருகில் கொண்டு வருவதை நான் வரவேற்கிறேன். ஆனாலும் அவை குறிப்பிட்ட காலத்துக்கானவை. ஒரு மரம் மூப்படைவதைப் பார்க்க அந்தக் காலம் போதாது.

மாநகராட்சிகளில் பூங்காக்களையும் தெருமரங்களையும் பெரும்பாலும் பொறியாளர்களே கவனிக்கிறார்கள். அவர்களுடைய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மழைநீர் வடிகால் வெட்டத் தெரிந்தவருக்கு மரத்தின் வேர் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விழுந்தவற்றில் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் நிறைய என்று எல்லோரும் அப்போது பேசினோம். அந்நிய மரங்களை நட்டதுதான் தவறு என்று ஒரே வரியில் முடிவும் கட்டிவிட்டோம். வடிகால் பணிக்காக ஒரு பக்க வேரை இழந்த மரம் எது, அடிமரம் வரை சிமென்ட் பூசப்பட்டு மூச்சுத் திணறிய மரம் எது, நன்றாகவே நின்ற வேம்பும் புங்கனும் எத்தனை என்று விழுந்த மறுநாளே தெருத்தெருவாகப் பதிவு செய்ய ஒரு நிலையான குழு இருந்திருந்தால், அடுத்து நடப்பட்ட மரங்களுக்கு அந்தப் பதிவு வழிகாட்டியிருக்கும். மரங்கள் மறுநாளே வெட்டி லாரியில் ஏற்றப்பட்டன. சான்றும் அவற்றோடு போய்விட்டது.

எனவே அரசுக்கும், தங்கள் இதழ் மூலம் மக்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. மாநகராட்சி ஒவ்வொன்றிலும் நகரச் சூழலியலாளர் என்ற நிரந்தரப் பணியிடம் ஒன்றாவது உருவாக்கப்பட வேண்டும். தெருமரம், நீர்நிலை, காலிமனை, தெருவிளக்கின் ஒளியால் இரவில் குழம்பும் பூச்சிகள் என்று எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அருகிலுள்ள கல்லூரிகளின் தாவரவியல், விலங்கியல் துறைகளை அவர் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம், நாங்கள் மகிழ்ச்சியோடு வருவோம். மரம் வெட்டும் அனுமதிகளை ஆராயும் மாவட்டப் பசுமைக் குழு போன்ற அமைப்புகளிலும் அவர் இருக்க வேண்டும். அவர் எழுதும் ஆண்டறிக்கை பொதுமக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். முதல் வேலையாக, 1929இன் பட்டியலைக் கையில் கொடுத்து அதே தெருக்களை நடக்கச் சொன்னால் போதும்.

அந்த மாணவியின் முகவரி தங்களிடம் இருக்கும். வழிகாட்டிப் பக்கத்தில் இதற்குத் தொடர்ச்சியாக எழுத நேர்ந்தால், அடுத்த மழை ஓய்ந்ததும் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள காலிமனையில் என்னென்ன முளைத்திருக்கின்றன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே நாளில் மறுபடி எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாதவற்றைத் தாளில் அழுத்தி உலர்த்தி அனுப்பினால், அவற்றுக்குப் பெயர் சொல்லி எழுதத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர்,
சென்னை.